ஆறக் கூடாத கை

அவள் எதையும் திறந்து வைக்க மாட்டாள். சோற்றுப் பானைக்கு மூடி, குழம்புச் சட்டிக்கு மூடி, மூடிக்கு மேலே ஒரு கல். டி.வி.க்குத் துண்டு. சிரித்தால் வாய்க்குக் கை. ஒருநாள் குப்பைக் கூடையைப் பழைய பாவாடை ஒன்றால் போர்த்தி வைத்திருந்தாள். குப்பைக்கு என்னடி, குளிருதா என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தெறந்து கெடந்தா மனசு அங்கிட்டே போகுதுக்கா. மூடிட்டா நிம்மதி."

எனக்கு அது எரிச்சலாக இருக்கும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கொஞ்சம் கொடுத்து அனுப்பினால்கூட ஒரு கிண்ணம், அதன்மேல் தட்டு, அதைச் சுற்றி ஒரு துணி முடிச்சு என்று வரும். அவிழ்த்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். திட்டினால் அடுத்த தடவை இரண்டு முடிச்சு போட்டு அனுப்புவாள். அவளுக்கு அந்த மாதிரிக் குறும்பு உண்டு. வெளியே யாருக்கும் தெரியாது.

காளவாசலில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் எங்கள் காம்பவுண்டு. ஒரு சுற்றுச்சுவர், ஒரு கேட்டு, ஒரு தண்ணீர் மோட்டார், ஐந்து வீடு. கடைசி வீடு என்னுடையது. அதற்கு முந்தியது அவளுடையது. நடுவில் ஒற்றைச் சுவர். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க். பாடம் எடுக்கிறதில்லை. ஆனாலும் காம்பவுண்டில் எல்லோருக்கும் நான் டீச்சர். அவளுக்கு மட்டும் டீச்சரக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, தனி ஆள். அவள் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். திருவாதவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பா அம்மா இல்லை. அண்ணன் ஒருவன் கட்டிக்கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துகொண்டான்.

எல்லாவற்றையும் மூடுகிறவள் ஒன்றே ஒன்றை மூட மாட்டாள். மூடக் கூடாது. இடது கையில் முழங்கைக்குக் கீழே அவள் புருஷன் பெயர் பச்சை குத்தியிருந்தது. பெரிய எழுத்து. தெருவில் எதிரே வருகிறவன் படித்துவிடலாம். கல்யாணமான வருஷம் சித்திரைத் திருவிழாவுக்குப் போனபோது வைகை மணலில் மெஷின் வைத்து உட்கார்ந்திருந்த ஆளிடம் குத்தியது. புருஷன்தான் கூட்டிப்போனான். கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டதும் அவன்தான். உன் பேரை அவன் குத்திக்கிடலையா என்று கேட்டேன். அவனுக்கு ஊசி என்றால் பயமாம். வெயிலோ மழையோ, ரவிக்கைக் கை முழங்கைக்கு மேலேதான் நிற்க வேண்டும். வளையல் அந்த எழுத்துவரை ஏறக் கூடாது. முந்தானையை இழுத்துப் போர்த்தினால் அந்தக் கை வெளியே இருக்க வேண்டும்.

அவன் டூர் பஸ் டிரைவர். ஒல்லியான ஆள். மெதுவாகப் பேசுவான். காசிக்குப் போய்வந்தால் எல்லா வீட்டுக்கும் கறுப்புக் கயிறும் பால் பேடாவும் வரும். நான் சர்ச்சுக்குப் போகிறவள், எனக்குக் கயிறு ஆகாது என்று நினைத்து இரண்டு பேடா அதிகம் வைப்பான். மோட்டார் நின்றுபோனால் கூப்பிடாமலே வந்து கழற்றி மாட்டுவான். வீட்டுக்கார அம்மாளுக்கு அவன் பெற்ற பிள்ளை மாதிரி.

அடிப்பான். சத்தம் வராது. ஒரே சுவர் என்பதால் எனக்குத் தெரியும். ஏதோ மெத்தென்று விழும். அப்புறம் அவன் குரல் மட்டும், கோவிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்கிற மாதிரி அமைதியாக. அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு மெடிக்கல் கடைக்குப் போவான். பஞ்சு, டெட்டால், களிம்பு. திரும்பி வந்து அவனே கழுவி, துடைத்து, மருந்து போடுவான். மெடிக்கல் கடைக்காரர் ஒருநாள் என்னிடம், பொண்டாட்டியை இம்புட்டுக் கவனிக்கிற ஆளைத் தான் பார்த்ததில்லை என்றார். எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. காம்பவுண்டிலும் இதே பாட்டுதான். கொடுத்து வைத்தவளாம்.

ஒருதடவை பொறுக்க முடியாமல் போய் அவர்கள் கதவைத் தட்டினேன். அவன்தான் திறந்தான். கையில் பஞ்சு. முகத்தில் சிரிப்பு. வாங்க டீச்சர் என்றான். அவனுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தபடி அவள், வழுக்கி விழுந்துவிட்டேன் என்று எனக்குச் சொன்னாள். குரலில் கெஞ்சல் இருந்தது. நான் போனதற்கும் சேர்த்து அன்றைக்கு அவள்தான் வாங்கினாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கிண்ணமும் வரவில்லை.

பிறகு ஒரு கோடையில் அவன் காசி டூர் கிளம்பினான். வர மூன்று வாரமாகும். அவன் போன மறுநாள் சாயங்காலம் அவள் என் கதவை இடித்தாள். இடது கையை முந்தானைக்குள் சுற்றி வயிற்றோடு அணைத்திருந்தாள். உள்ளே வந்ததும் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் போய்விட்டாள். மூன்று பக்கமும் உயரச் சுவர், மேலே பாதி ஓடு, பாதி வானம். எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. அங்கே முந்தானையை எடுத்தாள்.

கையில் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. உள்ளே கறுப்பு. எழுத்து இருந்த இடம் முழுக்க, ஒரு சாண் நீளத்துக்குக் கட்டையாக ஒரே கறுப்புப் பட்டை. ஓரத்தில் தோல் சிவந்து புடைத்துக்கொண்டிருந்தது. தாளுக்கு அடியில் கறுப்புத் தண்ணீரும் ரத்தமும் கசிந்து தேங்கி நின்றது. பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டேன்.

காளவாசலில் மொபைல் கடைக்கு மாடியில் டாட்டூ கடை இருக்கிறது. அங்கேதான் போயிருக்கிறாள். கடைக்காரப் பையன் மயிலிறகு, ரோஜா, சிறகு என்று படமாகக் காட்டினானாம். பழைய எழுத்து மறைய இதெல்லாம் போட்டால் அழகாக இருக்கும் என்றானாம். இவள் எதுவும் வேண்டாம், எழுத்து தெரியக் கூடாது, கறுப்பாக அடித்துவிடு என்றிருக்கிறாள். முழுக் கறுப்பு என்றால் வலிக்கும், ஆறவும் நாளாகும் என்று அவன் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

நான் கத்தினேன். புத்தி கெட்டவளே, அவன் வந்தா உன்னைக் கொன்னுருவானே என்றேன். அவள் அழவில்லை.

"அடிச்சுட்டு இதப் படிக்கச் சொல்லுவாருக்கா. ஒவ்வொரு எழுத்தா, அவரு காதுல மட்டும் விழுற மாதிரி. இது யாரு பேரு, இந்தக் கை யாருதுன்னு. நான் படிச்சு முடிச்சாத்தான் மருந்து போடுவாரு."

அந்த அமைதியான குரல் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் ஏற்பாடு இதுதான். வெளியூரில், எந்த ஊர் என்று சொல்லவில்லை, அவள் பெரியப்பா மகள் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஹாஸ்டல் உண்டு. இவளுக்கும் இடம் சொல்லியிருந்தாள். புண்ணோடு வந்தால் மெஷினில் உட்கார வைக்க மாட்டார்கள், கை ஆறியதும் வா என்றிருந்தாள். அவன் டூர் முடிந்து வருவதற்குள் கை ஆறிவிடும். ஆறினதும் பஸ் ஏறிவிடுவாள். அந்தப் பெயரோடு ஏன் போகக் கூடாது, போன பிறகு மறைத்தால் ஆகாதா என்று கேட்டேன். அந்தப் பேரைப் போட்டுக்கொண்டு எந்த ஊருக்குப் போனாலும் அவன் வீட்டில் இருக்கிற மாதிரிதான் என்றாள்.

பையன் சொல்லி அனுப்பியதை ஒப்பித்தாள். வாசனை இல்லாத சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். களிம்பு மெல்லிசாகப் போட வேண்டும். வெயில் படக் கூடாது, தண்ணீரில் ஊறக் கூடாது. பொருக்கு தட்டும், அரிக்கும், சொறியக் கூடாது. மஞ்சள், தேங்காயெண்ணெய் எதையும் அப்பக் கூடாது. முக்கியமாக மூடி வைக்கக் கூடாது. காற்றுப் பட வேண்டும்.

அவளுக்கு மற்றதெல்லாம் வந்தது. மூடாமல் இருக்க மட்டும் வரவில்லை. அதற்காகத்தான் என் வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டு ஜன்னல் வழியே காம்பவுண்டே பார்க்கும்.

தினமும் நான் பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஒருதடவை, வந்ததும் ஒருதடவை கழுவினோம். குழந்தைக்குப் போடுகிற சோப்பு வாங்கினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி ஊற்றினேன். முதல் நாள்களில் கழுவக் கழுவ மை கரைந்து ஓடியது. தரையெல்லாம் கறுப்பு. எல்லாக் கறுப்பும் கழுவிக்கொண்டு போய் அடியில் அந்த எழுத்து வெளியே வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அவளுக்கும் அதே பயம்தான். கழுவி முடிந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இல்லை, தெரியவில்லை என்பேன். நல்லாப் பாருங்கக்கா என்பாள்.

கழுவிய பிறகு ஓட்டு நிழலில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டுச் சத்தம் கேட்டால் போதும், பேச்சுப் பாதியில் நிற்கும், முந்தானை கைமேல் விழும். துணி புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது தோலோடு வரும். எத்தனை தடவை கத்தியிருப்பேன். பால்காரனுக்கும் மூடினாள், கேஸ் சிலிண்டர்காரனுக்கும் மூடினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினாள். ஒருநாள் கேட்டு திறந்தது, அவள் கை அப்படியே இருந்தது. எனக்கே ஆச்சரியம். கையைப் பார்த்தபடி, ரோட்டுக்குத் தார் போட்ட மாதிரி இல்ல இருக்கு டீச்சரக்கா, மேல வண்டி ஓட்டலாம் போல என்றாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள். முன்பல் ஒன்று உடைந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொருக்கு தட்ட ஆரம்பித்த நேரம். ஒரு சாயங்காலம் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டுப் பக்கம் பேச்சுக் குரல். வீட்டுக்கார அம்மாள் யாரிடமோ, என்னப்பா அதுக்குள்ள வந்துட்ட என்று கேட்டாள். வடக்கே எங்கேயோ பஸ் படுத்துவிட்டதாம், ஆள்களை ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். அந்த மெதுவான குரல்.

அவள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். சோப்பு நுரை அப்படியே இருந்தது. என் துண்டு ஒன்றை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நானும் தலையாட்டினேன். அந்த நேரத்துக்கு அது எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பொய்யாகத்தான் தெரிந்தது. சமையல்கட்டில் கை வெந்துபோவது யார் வீட்டில் இல்லை? வேறு எந்த வீட்டிலும் அந்தப் பொய் நின்றிருக்கும். ஐயோ பார்த்து வடிக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு எந்தப் புருஷனும் அவன் வேலையைப் பார்க்கப் போயிருப்பான். புண் என்றால் தானே உட்கார்ந்து பிரித்து மருந்து போடுகிற ஒருத்தனிடம் போய்ப் புண் என்று சொன்னோம்.

சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கதவு சாத்தியது. பேச்சு ஏதோ கேட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது.

காலையில் குழாயடியில் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமில்லை. கையில் புதிதாக மெல்லிசாகக் களிம்பு. நாங்கள் போடுவதைவிட நன்றாகப் போட்டிருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டான் என்றாள். அடித்தானா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"கழுவி மருந்து போட்டாருக்கா. போட்டுட்டு, ஆறட்டும், நல்லா ஆறட்டும், அப்பறம் பேசிக்கலாம்னு சொன்னாரு."

அன்றைக்குச் சாயங்காலமே அவன் என் வாசலில் வந்து நின்றான். காலையில் டாட்டூ கடைக்கே போய் எல்லாம் கேட்டு வந்திருந்தான். அந்தப் பையன், அக்காவுக்கு இவ்வளவு அக்கறையான வீட்டுக்காரரா என்று சந்தோஷப்பட்டானாம். அவனே சொன்னான். பிறகு என்னிடம், என்ன சோப்பு போட்டீங்க டீச்சர் என்று கேட்டான். ஹெட்மாஸ்டரிடமே குரலை உயர்த்துகிறவள் நான். வாயைத் திறந்து சோப்பின் பேரைச் சொன்னேன். ரொம்ப நன்றி டீச்சர், நான் இல்லாதப்ப நீங்கதான் பாத்துக்கிட்டீங்க என்றான். கும்பிட்டுவிட்டுப் போனான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த டூரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வாசலில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தான். முன்னால் ஒரு ஸ்டூல், அதில் வெள்ளைத் துண்டு, அதன்மேல் அவள் கை. உள்ளேயிருந்து ஒயர் இழுத்து டேபிள் ஃபேன் வைத்தான். பழைய பச்சையில் அலர்ஜியாகிவிட்டது, காற்றுப் பட வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னான். காம்பவுண்டே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவள் கையை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவள் மூடவில்லை. தலையைக் குனிந்தபடியே இருந்தாள். கட்டினவன் இப்படி அமைய வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாள் கண் கலங்கினாள். எனக்கு அந்த ஸ்டூலை எடுத்து அவன் மண்டையில் போட வேண்டும் போல இருந்தது. போடவில்லை. போடுகிற தைரியம் இருந்ததா என்று கேட்டால், இல்லை.

கை ஆறவில்லை. அவ்வளவு கவனிப்பு, அவ்வளவு களிம்பு, ஆறவில்லை. பொருக்கு தட்டும், மறுநாள் அங்கே பச்சைப் புண்ணாக இருக்கும். அவன் பொறுமையாகக் கழுவுவான். அவசரப்படவே இல்லை.

ஒருநாள் அவன் களிம்பு வாங்கப் போயிருந்தான். நான் துணி காயப்போடக் குழாயடிப் பக்கம் போனேன். அவள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக ஆறிவந்த இடமாகப் பார்த்துத் தேய்த்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன். பைத்தியமாடி உனக்கு என்று கேட்டேன்.

"விடுங்கக்கா. ஆறுனா அவரு பேசுவாரு."

அதைச் சொன்னபோது அவள் கண் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை விட்டுவிட்டேன். அதுவரை நானும்தான் ஆறிவிட வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து என்ன கேட்டு ஜெபம் பண்ணுவது என்று தெரியவில்லை.

இப்பவே கிளம்பு என்றேன். எங்கே கிளம்புவது? அவள் போன் அவனிடம். வாசலில் அவன். கடைக்குப் போனாலும் ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடுவான். தெருமுனையில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் அவனுக்கு மாப்பிள்ளை, மச்சான்.

காய்ச்சல் வந்தது. கை முழங்கைவரை வீங்கி, வரிவரியாகச் சிவப்பு ஏறியது. தான் பார்த்துக்கொள்வதாக அவன் சொன்னான். நான் வீட்டுக்கார அம்மாளைக் கூட்டிவந்து காட்டி, விஷம் ஏறிருச்சுப்பா, செத்துருவா என்று அந்த அம்மாள் வாயாலேயே சொல்ல வைத்தேன். அந்த அம்மாள் பேச்சை அவனால் தட்ட முடியாது. ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். அவன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பி அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து, மற்ற கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். அவன் கஞ்சி ஊட்டினான். தலை வாரிவிட்டான். அந்த வார்டு நர்ஸும் கொடுத்து வைத்தவள் பாட்டைப் பாடினாள். காய்ச்சல் விட்டது. வீக்கம் வடிந்தது. டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிரமாதமாக ஆறிவருகிறது, நாளைக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவனிடம் சொன்னார். அவன் கும்பிட்டான். அவள் என்னைப் பார்த்தாள். செத்துப்போகிறாய் என்று டாக்டர் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

மறுநாள் காலையில் வார்டைக் கழுவுவதற்காக ஆம்பளைகளை எல்லாம் வெளியே அனுப்பினார்கள். அவன் மாடிப்படிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். நான் நர்ஸிடம் போனேன். அவளைக் கொடுத்து வச்சவள்னு சொன்னீங்களே, அந்தப் புருஷன்தான் அவ பல்லை உடைச்சவன், கை ஆறட்டும், அப்பறம் அடிக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்கான், அதான் அவளே புண்ணைப் பிய்ச்சுக்கிட்டா என்றேன். நான் எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினேன். நர்ஸ் கையிலிருந்த சார்ட்டைக் கீழே வைத்தாள். கட்டிலுக்குப் போய் அவள் கையைத் தூக்கி, கம்பி நார் கீறிய கோடுகளைப் பார்த்தாள். பிறகு மற்ற கையிலிருந்த ஊசியை உருவிப் பஞ்சு வைத்து அழுத்தினாள்.

"பின்னாடி சமையல்கட்டுப் பக்கம் ஒரு படி இருக்கு. நான் மாத்திரை எடுக்கப் போறேன். வர நேரமாகும்."

எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. டிரிப் பாட்டிலைப் பார்த்துச் சொன்னாள்.

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியில் இறங்கினேன். பின்னால் ஒவ்வொரு செருப்புச் சத்தமும் அவன் செருப்பாகக் கேட்டது. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி அவளை இறக்கி, என் பர்ஸில் இருந்த பணத்தைக் கையில் திணித்தேன். கூட உள்ளே போகவில்லை. எந்தப் பஸ், எந்த ஊர் என்று எனக்குத் தெரிய வேண்டாம் என்றேன். மூடி வைக்காதே, காற்றுப் படட்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் வந்தான். எங்க டீச்சர் என்று கேட்டான். தெரியாது என்றேன், காம்பவுண்டுக்கே கேட்கும்படி. அது நிஜம், அதனால் நன்றாகச் சொல்ல வந்தது. அவன் போலீஸுக்குப் போகவில்லை. கோபத்தில் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று எல்லோரிடமும் சொன்னான். அந்த வீட்டையும் காலி பண்ணவில்லை.

சில மாதம் கழித்துப் பள்ளிக்கூட ஆபீஸ் போனுக்கு அவள் கூப்பிட்டாள். டீச்சரக்கா, ஆறிருச்சு, வழவழன்னு இருக்கு, மெஷின்ல உக்காந்துட்டேன் என்றாள். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற இரைச்சல். சந்தோஷத்தில் எந்த ஊர் என்றும் சொல்லிவிட்டாள். சொல்லாதே என்று நான் கத்துவதற்குள் சொல்லிவிட்டாள். அந்த ஊரை இங்கே எழுத மாட்டேன். அவள் பெயரை எழுதாததும் அதனால்தான். இதில் வேறு சிலதையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு டூர் முடிந்து வரும்போதும் அவன் பேடாவோடு என் வாசலுக்கு வருகிறான். எங்கே இருக்கிறாள் என்று கேட்பதில்லை. போன வாரம் ஒரு புதுக் களிம்பு டியூபைப் பேடாவோடு வைத்து நீட்டினான். தழும்புக்கு நல்லதாம்.

"கை ஆறிருச்சான்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். அவசரமில்ல."

எனக்கெப்படித் தெரியும் என்றேன். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போனான். வீட்டை மாற்றலாம் என்று நினைக்காமல் இல்லை. மாற்றினால் அதுவே அவனுக்குப் பதில்.

எனக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே வராது. சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் கண்ணாடி முன்னால் நின்று, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.